பெஸ்தாரி ஜெயாவில் ஈயக்குட்டையோரம் தரை வீடு: வாங்கலாமா?

தோட்டத்து மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது 2007-க்குப் பிறகு பெஸ்தாரி ஜெயா, அந்த வட்டாரத்தை அறிந்தவர்களிடம் யோசனை கேட்கிறேன்.

என் மாமனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். அறுபது வயது முடிந்ததும் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைக்கச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. நானும் கணவரும் ரவாங்கில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 2,700 வெள்ளி (ரிங்கிட்). அவர் வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனம் பொருத்துகிறார். நல்ல மாதத்தில் 2,500 வெள்ளி வரும், மழை மாதத்தில் பாதிதான். சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை.

ரவாங்கில் தரை வீட்டு விலை எங்களுக்கு எட்டாது. அடுக்குமாடி என்றால் மாமியார் வாசல் தாண்ட மாட்டார். கோழிகளை எட்டாவது மாடியில் எங்கே மேய விடுவது என்று அவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போதுதான் பெஸ்தாரி ஜெயாவுக்கு வெளியே பழைய ஈயக்குட்டையை, அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டையைச் சுற்றி எழும்பும் புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஒரு மாடித் தொடர் வீடு, இருபதுக்கு அறுபத்தைந்து அடி, 99 ஆண்டுக் குத்தகை நிலம். பின்வரிசை 290,000 வெள்ளி. குட்டையைப் பார்த்த முன்வரிசை 318,000. விளம்பரத் தாளில் மரப்பாலம், அன்னப் படகு, கரையோரம் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று பலூனுடன் ஓடுகிறது. நேரில் போனால் செம்மண் மேடு, தகரக் கொட்டகை, திலாப்பியா பிடிக்க வந்த நான்கைந்து பேர். ஆனாலும் மாலைக் காற்று நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் கணவர் அங்கேயே மனத்தால் குடியேறிவிட்டார்.

முன்வரிசையில் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு, இரண்டே வீடுகள்தான் மிச்சம், ஞாயிற்றுக்கிழமைக்குள் 1,000 வெள்ளி பதிவுப் பணம் கட்டுங்கள் என்கிறார் முகவர். கட்டலாமா? ஈயம் தோண்டிய மண்ணில் வீடு நிற்குமா? வெள்ளம் வருமா? குட்டையைப் பார்ப்பதற்காக 28,000 வெள்ளி கூடக் கொடுப்பது தகுமா?


ரவாங் கணக்கன்:

முதலில் அந்த 1,000 வெள்ளி. கட்டாதீர்கள். வாங்கல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டு நிறுவனம் எந்தப் பணமும் வசூலிக்கக் கூடாது என்று வீடமைப்பு மேம்பாட்டு விதிமுறைகள் சொல்கின்றன. இப்படிப் பதிவுப் பணம் வாங்குவது சட்டவிரோதம் என்று 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. வீடு ஒப்படைக்கத் தாமதமானால், இழப்பீட்டுக்கான நாளைப் பணம் கட்டிய தேதியிலிருந்தே எண்ண வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு. "எல்லாரும் கட்டுகிறார்கள்" என்பார் முகவர். கட்டட்டும்.

இனிக் கணக்கு. 290,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் கடன் 261,000. வட்டி 4 விழுக்காடு, தவணை 35 ஆண்டு என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 1,156 வெள்ளி. முன்வரிசை வீட்டுக்கு 1,267. வித்தியாசம் மாதம் 111 வெள்ளிதானே என்று தோன்றும். 35 ஆண்டு கட்டி முடிக்கும்போது அது 47,000-ஐ நெருங்கிவிடும். அன்னப் படகுக்கு அவ்வளவு வாடகையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வீடு கட்டும் காலத்தில் வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாக விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வட்டி கட்டிக்கொண்டே ரவாங் வாடகையையும் கொடுக்க வேண்டும். தரை வீட்டை ஒப்படைக்கச் சட்டம் தரும் காலம் 24 மாதம். இந்த இரட்டைச் சுமையை முகவர் தாளில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

ஊழியர் சேமநிதியில் செஜாத்தெரா (Sejahtera) என்ற துணைக் கணக்கிலிருந்து எடுக்கலாம். வீட்டு விலைக்கும் கடனுக்கும் உள்ள இடைவெளி, அதோடு விலையில் 10 விழுக்காடு, இவை இரண்டும் சேர்ந்த தொகை வரை. அல்லது கணக்கில் இருப்பது, எது குறைவோ அது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். ஆக முதல் 29,000 வெள்ளியைக் கையிலிருந்தோ கைமாற்றாகவோ புரட்டியாக வேண்டும். முதல் வீடு, விலை 500,000-க்குள் என்பதால் முத்திரை வரி விலக்கு உண்டு. கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உரிமை மாற்றத்துக்கு 4,800, கடன் பத்திரத்துக்கு 1,305 வெள்ளி.

கணவருக்குச் சம்பளச் சீட்டு இல்லாதது தடையே அல்ல. வங்கிக் கணக்கறிக்கை, வருமான வரிப் பாரம் இரண்டையும் சீராக வைத்திருக்கச் சொல்லுங்கள். நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கு அரசு உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன் திட்டமும் இருக்கிறது. எஸ்ஜேகேபி என்று வங்கியில் கேட்டால் விவரம் சொல்வார்கள். வாடிக்கையாளர் தரும் ரொக்கத்தை அவர் சட்டைப் பையில் வைத்தே செலவழித்தால்தான் வங்கியின் கண்ணுக்கு அவர் வேலை இல்லாதவர்.


பழைய கிராணி:

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இனிக்கப் பேசுவது முகவர் தொழில். என் தொழில் பேரேடு. ஆகவே பேரேட்டிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா.

வீட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். குட்டை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? உங்களிடம் கூடுதலாகக் கேட்கும் 28,000 வெள்ளி வீட்டுக்கு அல்ல, குட்டைக்கு. அந்தக் குட்டை உங்கள் பட்டாவில் இல்லை. அது மாநில அரசு நிலமாக இருக்கலாம். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ்ப் பொது ஒதுக்கீடாக அரசிதழில் ஏறியிருக்கலாம். அல்லது ஒரு கம்பெனியின் தனி மனையாக இருக்கலாம். அரசிதழில் ஏறியிருந்தால் ஓரளவு நிம்மதி. தனியார் மனை என்றால், இன்று குட்டை, நாளை லாரி லாரியாக மண், மறுநாள் கடைவரிசை. உங்கள் ஒப்பந்தத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இருக்காது. விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் "படங்கள் ஓவியரின் கற்பனை" என்று போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள்.

கோல சிலாங்கூர் மாவட்ட நில அலுவலகத்தில், மனை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். வழக்கறிஞர் வேண்டாம், தெரிந்தவர் வேண்டாம். இரண்டு மனைக்கும் தேடுங்கள்: தாமான் நிலத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. வருகிற தாளில் உரிமையாளர் பெயர், நில வகை, கட்டுப்பாடுகள், வங்கி அடமானம், குத்தகை தொடங்கிய ஆண்டு எல்லாம் இருக்கும். 99 ஆண்டு என்பது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஓடுவதல்ல. அரசு அந்த நிலத்தைக் கொடுத்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. மலாய்க்காரர் அல்லாதவர் வாங்க முடியாத மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும். பிறகு நகராண்மைக் கழகத்துக்குப் போய், அங்கீகரித்த வரைபடத்தில் குட்டைக்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். திறந்தவெளியா, வெள்ளநீர்த் தேக்கமா, வணிகமா?

இந்த முதியவன் ஏன் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நினைக்க வேண்டாம். தோட்டத் துண்டாடலை என் அப்பா பார்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுக் கப்பலேறியது. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ரப்பர்ப் பால் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, லயமும் போனது. 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களுக்காகவே வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பங்கு சேர்க்கத் தோட்டம் தோட்டமாக வந்தபோது, அப்பா கையில் இருந்ததைக் கொடுத்துப் பங்கு வாங்கினார். தலைமுறைக்கும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பெயர் ஒரு தாளில்கூட இல்லாததால் வந்த வினை அது. உங்கள் மாமனாருக்கு வந்த கடிதமும் அதன் வாலாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் எழுதுங்கள். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவகாசம் வேண்டும் என்று கேட்டு, பிரதியில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

மண்ணைப் பற்றி. அங்கே ஈயக்கப்பல்கள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். தானே தோண்டிய குட்டையில் மிதந்துகொண்டு, முன்னால் மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் கொட்டும். இரவிலும் அந்த வாளிச் சங்கிலியின் இரைச்சல் கேட்கும். கொட்டியதில் மணல் அருகிலேயே படிந்துவிடும். நுண்ணிய களிச்சேறு தண்ணீரோடு தூரம் போய்த் தேங்கும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை குப்புற விழுந்தது. நாடு முழுக்க ஈயத் தொழிலும் அதோடு படுத்தது. குட்டைகள் மட்டும் தங்கின. மணல் படிந்த இடத்தில் வீடு நன்றாகவே நிற்கும். களிச்சேறு படிந்த இடம் மேலே காய்ந்து, புல் முளைத்து, கால்நடைகூட மேயும். உள்ளே இன்னும் கூழாகவே இருக்கும். ஒரே தாமானில் ஒரு தெரு மணலிலும் அடுத்த தெரு சேற்றிலும் அமையலாம். மண் ஆய்வறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

வெள்ளத்துக்கு முகவரைக் கேட்காதீர்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூர் பட்ட பாடு ஊரறிந்தது. பக்கத்தில் ஓடுவதும் சிலாங்கூர் ஆறுதான். தாமானுக்கு மிக அருகில் உள்ள மளிகைக் கடைக்குள் போய், அரிசி மூட்டையைத் தரையில் அடுக்கியிருக்கிறாரா, பலகை போட்டு இடுப்பு உயரத்தில் அடுக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு காரணத்தைக் கேட்டால் மிச்சத்தை அவரே சொல்வார்.


கம்பார் தம்பி:

கிராணி ஐயா குட்டையைக் கண்டு மிரள வைத்துவிட்டார். கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். நாங்கள் கம்பாரில் ஈயக்குட்டை ஓரம்தான் குடியிருக்கிறோம். இங்கே பல்கலைக்கழகமே குட்டைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. மாலையில் அப்பாவும் அம்மாவும் கரையோரம் நடக்கிறார்கள். அப்பாவின் சர்க்கரை அளவு குறைந்ததற்கு மருந்தைவிட அந்த நடையே காரணம் என்று நம்புகிறேன். குட்டைக்கு ஒரு விலை உண்டு. 28,000 வெள்ளியா என்பது வேறு பேச்சு.

நான் சொல்ல வந்தது அடுப்படியைப் பற்றி. மேம்பாட்டாளர் கட்டிய வீடு பெரும்பாலும் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்கும், அது அவ்வளவாக அசையாது. நம்மவர்கள் சாவி வாங்கிய கையோடு பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறோமே, அது வெறும் மண் மேல் போட்ட தளம். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்காது. எங்கள் வீட்டில் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் முதலில் மயிரிழை போல் ஒரு கோடு. அடுத்த மழைக்காலத்தில் இருபது காசு அதற்குள் நுழைந்தது. இப்போது அம்மா தோசைத் திருப்பியை அங்கேதான் செருகி வைக்கிறார். தரை ஓடு வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டதால் கொட்டிய தண்ணீர் தானாகவே பின்வாசலுக்கு ஓடிவிடும். அது ஒன்றுதான் லாபம்.

ஆகவே அந்தத் தாமானில் முதல் கட்டமாகக் கட்டிக் குடியேறிய தெரு இருந்தால், அங்கே போய் வீட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்சந்துக்குள் நடந்து, சுவரும் சாக்கடைத் தளமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இடைவெளியில் சிமெண்டு பூசி, அது மறுபடி பிளந்து, மறுபடி பூசியிருந்தால் மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. சாக்கடையில் தண்ணீர் ஓடாமல் நடுவில் தேங்கி நின்றாலும் அதே கதைதான்.

வாங்கினால், ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை எழுத்து மூலம் கொடுங்கள். செய்யவில்லையென்றால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நீங்களே நீட்டிக் கட்டிய அடுப்படி அதில் சேராது.


ஈஜோக் அக்கா:

தங்கச்சி, எல்லாரும் மண்ணையும் காகிதத்தையும் பேசிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் நின்று பார்த்தீர்களா? மணல் லாரிகள் வரிசையாக வரும். நீங்கள் பத்து ஆராங் வழியாக ரவாங் போகப் போகிறீர்களா, லாத்தார் நெடுஞ்சாலையிலா? லாத்தார் 2011-இல் திறந்ததிலிருந்து எங்களுக்கு வசதிதான், ஆனால் டோல் கட்டணத்தையும் வண்டி எண்ணெயையும் மாதக் கணக்கில் சேருங்கள். ரயில் நிலையம் ஊரில் இல்லை. கணவர் ஏணியும் கருவியும் ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளர் வீடு தேடிப் போகிறவர். அவருடைய வாடிக்கையாளர் எல்லாம் ரவாங், செலாயாங் பக்கம் இருந்தால் நீங்கள் குடிபோகும் தூரம் அவர் வருமானத்திலும் விழும்.

மாமனார், மாமியாருக்காகத்தான் வீடு என்றால் ஊருக்குள்ளேயே, கோயிலும் கிளினிக்கும் நடக்கும் தூரத்தில், பழைய தொடர் வீடு பாருங்கள். கைமாறும் வீடு என்றால் கண்ணால் பார்த்து வாங்கலாம். விரிசல் விட வேண்டியது எல்லாம் விட்டு முடிந்திருக்கும். உடனே குடிபோகலாம், இரண்டு வாடகை இல்லை. குட்டையோரம் புதிதாகப் போனால் மாமியார் பேசுவதற்கு ஆள் தேடுவார். உடும்பு வேண்டுமானால் நிறைய வரும்.


தோட்டத்து மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. பதிவுப் பணம் கட்டவில்லை. ஞாயிறு போய் அடுத்த வாரமும் வந்துவிட்டது. "இரண்டே வீடுகள்" இன்னும் இரண்டாகவே இருக்கின்றன.

கிராணி ஐயா சொன்னபடி நில அலுவலகத்தில் தேடினோம். தாமான் நிலம் ஒழுங்காகத்தான் இருக்கிறது: கட்டட வகை, குத்தகை 2012-இல் தொடங்கியது, ஒரு வங்கிக்கு அடமானம். குட்டை தனி மனை. வேறொரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. நில வகை என்ற இடத்தில் கட்டடம் என்றும், நிபந்தனையில் வணிகம் என்றும் போட்டிருக்கிறது. கவுண்டரில் இருந்த அம்மையார் தாளை என் பக்கம் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

முகவரிடம் கேட்டேன். கொஞ்சமும் அசராமல், "அங்கே கடைகள் வந்தால் உங்கள் வீட்டு மதிப்பு ஏறும்தானே" என்றார். போன வாரம் வரை குட்டை இருப்பதால் மதிப்பு ஏறும் என்று சொன்ன அதே வாய். என் கணவர் வழியெல்லாம் பேசவில்லை. தூண்டில் வாங்க விலை பார்த்து வைத்திருந்தாராம்.

மளிகைக் கடையில் அரிசி மூட்டை பலகை மேல்தான் இருந்தது, முழங்கால் உயரம். எலிக்காக என்கிறார் கடைக்காரர். நம்புவதா வேண்டாமா?

ஈஜோக் அக்கா சொன்னதால் ஊருக்குள்ளும் தேடினோம். தமிழ்ப்பள்ளிக்குப் பின்தெருவில் பழைய தொடர் வீடு ஒன்று, 235,000 வெள்ளி. பின்னால் ஒரு கொய்யா மரம், அடுப்படி ஏற்கெனவே நீட்டியது. கம்பார் தம்பி, சுவர் சேரும் இடத்துக் கோட்டைப் பார்த்தேன், மெல்லியதாக இருக்கிறது, பூசிய தடம் இல்லை. ஆனால் பட்டாவில் மாநில அரசின் ஒப்புதல் இன்றி உரிமை மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இது ஆபத்தா?


பழைய கிராணி:

ஆபத்து இல்லை. குத்தகை நிலத்தில் அந்த வரி சாதாரணமாக இருக்கும். விற்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். காலம் பிடிக்கும், அவ்வளவே. கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கைமாறும் வீட்டுக்குப் பணம் கட்டி முடிக்க வழக்கமாக மூன்று மாதம், தவறினால் வட்டியோடு இன்னொரு மாதம் என்று எழுதுவார்கள். அந்த மூன்று மாதம், அரசின் ஒப்புதல் உங்கள் வழக்கறிஞர் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து அல்ல. இல்லையென்றால் ஒப்புதல் நில அலுவலக மேசையில் தூங்கும், வட்டி உங்கள் தலையில் ஏறும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கறிஞர் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். விற்பவருடைய வழக்கறிஞரையே பகிர்ந்துகொண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எலி மூட்டையைக் கடிக்க முழங்கால் உயரம் ஏறாதா, அம்மா? அதே தெருவில் முடிதிருத்தும் கடை ஒன்று இருக்கும், அங்கேயும் கேளுங்கள். பின்தெரு வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒப்பந்த நகல் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு அந்த இரண்டு பத்திகளை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.